ஆனைக்குட்டத்துல எடை போட்ட பேரு

எனக்குக் கோவம் மூக்குக்கு மேல வரும், முதல்லயே சொல்லிர்றேன். எம்புருசன் மாரிக்கண்ணனுக்கும் எனக்கும் ரெண்டு மாசமா ஒரே சண்டை, பிள்ளைக்கு என்ன பேரு வைக்கிறதுன்னு. எங்கம்மா பேரு கருப்பம்மாள். அப்பா இல்லாத வீட்டுல தீப்பெட்டி ஒட்டியே என்னையப் பன்னெண்டாவது வரைக்கும் படிக்க வச்சவ. போன வருசம் போய்ச் சேந்துட்டா. அவ பேரத்தான் வைக்கணும்னேன். இவரு போனத் தடவித் தடவி ஷன்விகான்னு ஒன்னக் கண்டுபிடிச்சு வச்சிருந்தாரு. "ஸ்கூல்ல கருப்பின்னு கேலி பண்ணுவாக புள்ள"ம்பாரு. "பண்ணட்டும், பல்லப் பேத்துருவேன்"ம்பேன் நானு. காதுகுத்துக்கு நாள் குறிச்சாச்சு, பிள்ளைக்குப் பேரு மட்டும் இல்ல.

தீபாவளி முடிஞ்சு பட்டாசுக் கம்பெனி லீவு விட்டா எங்க அச்சங்குளத்துல பாதிப்பேரு தூண்டிலும் கையுமா ஆனைக்குட்டம் அணைக்குக் கெளம்பிருவோம். வருசம் பூரா மருந்து வாடையிலயே கெடந்த மூக்குக்கு அந்தத் தண்ணிக் காத்து அம்புட்டு சொகமா இருக்கும். வண்டியில போகையில அவருதான் ஆரம்பிச்சாரு.

"யாரு மீனு எடை கூட இருக்கோ, அவுக சொல்ற பேரு. சம்மதமா?"

"சம்மதம். ஆனா தராசு நான் பாத்து எடுக்கிறதுதான்."

பின்ன? போன வருசம் அவரு பழைய இரும்புக் கடையில வாங்கியாந்த முள்ளுத் தராசு செஞ்ச கூத்து எனக்குல்ல தெரியும்! இந்த வருசமும் வெக்கமில்லாம அதையே தூக்கிட்டு வந்திருந்தாரு. கொக்கியில ஒன்னுமே மாட்டாம தூக்கிப் பிடிச்சேன். முள்ளு கால் கிலோவுல நிக்குது. "காத்துக்கும் எடை போடுதா உங்க தராசு?"ன்னு கேட்டேன். கரையில இருந்தவுக எல்லாம் சிரிச்சாக.

அடுத்து, ஆன்லைன்ல வாங்குன பளபளன்னு ஒரு டிஜிட்டல் தராசு. ஒரு லிட்டர் பாட்டில்ல தண்ணி பிடிச்சு மாட்டுனேன். ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல காட்டுச்சு. பரவாயில்லையேன்னு எறக்கி மறுபடி மாட்டுனா கிலோவுக்குக் கீழ போயிருச்சு. இன்னொரு தடவ வேற என்னமோ சொல்லுது. தூரப் போடுன்னுட்டேன். பக்கத்துல தூண்டில் போட்டிருந்த ஆண்டிச்சாமி அண்ணன் ஒரு சின்னத் தராசக் குடுத்தாரு. கீறல் விழுந்து பாக்கவே சகிக்கல. ஆனா எத்தனை தடவ எறக்கி மாட்டுனாலும் ஒரே எடை, கழட்டுனா கரெக்டா சைபர். ஈரக் கையால பிடிச்சும் பாத்தேன், அசையல. இதுதான்னு முடிவு பண்ணோம்.

எடை போட ரத்தினசாமி பெரியப்பாவக் கூப்பிட்டோம். விருதுநகர் மிளகாய் மண்டியில காலமெல்லாம் எடை போட்டவரு, ஒரு பக்கம் சாயாத மனுசன். அங்கன மூட்டையச் சாக்கோட நிறுத்து, சாக்கு எடையக் கழிச்சுத்தான் சொல்லணும். கழிவும்பாக.

வெயில் ஏறுறதுக்குள்ள எம்புருசனுக்கு ஒரு ரோகு மீனு மாட்டுச்சு, வலையில போட்டுத் தண்ணிக்குள்ளயே விட்டு வச்சிருந்தாரு. எனக்கு உச்சி வெயில்ல ஒரு கட்லா. இழுத்த இழுப்புல நானே தண்ணிக்குள்ள போயிருப்பேன்!

முதல்ல அவரு மீனு. அது துள்ளுன துள்ளுல கொக்கியில நிக்கல. பெரியப்பா ஒரு ஈரச் சாக்க எடுத்து, வெறுஞ்சாக்க முதல்ல நிறுத்துப் பாத்தாரு, இருநூறு கிராம். மீன உள்ள போட்டுத் தூக்கி, "கழிவு போக ரெண்டு கிலோ நானூறு"ன்னாரு. சரியான எடைதான்.

கரையில கெடந்த என் மீனு அதுக்குள்ள அடங்கிப்போச்சு. எனக்குப் பாக்கத் தைரியம் இல்ல. வேலிக்கருவ மரத்துல பிள்ளைக்குக் கட்டியிருந்த தொட்டிலுக்கிட்டப் போயி, திரும்பி நின்னுக்கிட்டேன். பெரியப்பா குரல் கேட்டுச்சு.

"கழிவு போக ரெண்டு முந்நூறு. மாரிக்கண்ணன் மீனுதான்லே கூட!"

கரையே விசிலடிச்சுச்சு. சண்டை போடவும் வழியில்ல. தராசு நான் எடுத்தது, ஆளும் நான் சம்மதிச்ச ஆளு. எம்மா, மன்னிச்சுக்கன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன்.

"பெரியப்பா, செத்த இருங்க"ன்னாரு எம்புருசன். "சாக்கு எங்கன இருக்கு?"

"என்னலே?"

"என் மீனத்தான் சாக்குல போட்டீக. அவ மீன வெறுங்கொக்கியிலல்ல மாட்டுனீக! தராசு ரெண்டரைன்னு காட்டுச்சு, நான் பாத்தேன். எந்தக் கழிவக் கழிக்கிறீக?"

பெரியப்பா தராசப் பாத்தாரு, கீழ கெடந்த சாக்கப் பாத்தாரு. "அட மண்டிப் புத்தி!"ன்னு தலையில அடிச்சுக்கிட்டாரு. ஆண்டிச்சாமி அண்ணன் சிரிச்சுச் சிரிச்சுத் தூண்டிலயே தண்ணியில விட்டுட்டாரு.

என் மீனு நூறு கிராம் கூட. அத வேற யாருமே கவனிக்கல. வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா அவரு பேருதான்.

"ஏங்க சொன்னீக?"ன்னேன்.

"எடைன்னா எடைதான புள்ள"ன்னுட்டு, மீன் வாடைக் கையோட பிள்ளையத் தொட்டில்ல இருந்து தூக்குனாரு. நான் வாயத் தெறக்குறதுக்கு முன்னால அவரே அது காதுல வாய வச்சு, "கருப்பம்மா... ஏ கருப்பம்மா"ன்னு கூப்பிட்டாரு.

ரெண்டு மாசமா அந்தப் பேரச் சொல்லிச் சண்டைதான் போட்டிருக்கோம். எங்கம்மா போனதுக்குப் பெறகு அதச் சொல்லி யாரும் ஆசையாக் கூப்பிட்டு நான் கேக்கவே இல்ல. அந்தக் கரையிலயே உக்காந்து ஓன்னு அழுதேன், அம்புட்டும் சந்தோசம்.

எம்மக கருப்பம்மா அவரு மூக்கப் பிடிச்சு இழுத்துக்கிட்டிருந்தா.