ஐந்தாம் பகுதியில் பேபியக்கா இறந்துபோகிறார்

1

நவம்பர் 24, திங்கள்.

வெள்ளிக்கிழமை எழுதிய குறிப்பில் ஒரு தவறு இருக்கிறது. "மணி அடித்ததும் எல்லாரும் கேட்டை நோக்கி ஓடினார்கள்" என்று எழுதியிருக்கிறேன். யாரும் ஓடவில்லை. நான் அங்கேதான் நின்றேன், பார்த்துக்கொண்டுதான் நின்றேன். எழுத உட்கார்ந்தபோது ஓட வைத்துவிட்டேன்.

நடந்தது இதுதான். முந்தின நாள், வியாழக்கிழமை மதியம், புயலுக்காக மணி அடித்தது. பெண்கள் எழுந்து மடியை உதறினார்கள். சாம்பல் தொட்டிக்குப் போய் வரிசையில் நின்று கை கழுவினார்கள். அதன்பிறகு வீட்டுக்குப் போனார்கள்.

அந்த ஒரு வாக்கியத்தைத் திருத்தப் போய்த்தான் இந்தக் கதை வந்தது. வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

2

நான் அஸ்வதி. பகலில் அருமனைக்கு வெளியே ஓர் அண்டியாபீசில் வருகைப்பதிவு எழுதுகிறேன். (வெளியூர்க்காரர்களுக்கு: முந்திரிக்கொட்டையை வறுத்து, உடைத்து, பருப்பெடுக்கும் இடம். எங்கள் பக்கத்தில் அதற்கு ஆபீஸ் என்றுதான் பெயர். "பெண் ஆபீசில் இருக்கிறாள்" என்பதை நம்பி ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்து, புகையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்கள்.) மாலையில் மார்த்தாண்டத்தில் ஃபயர் அண்ட் சேஃப்டி டிப்ளமோ படிக்கிறேன். கூடப் படிக்கிறவர்களில் பாதிப்பேர் கல்ஃபுக்குப் போகக் காத்திருக்கிறார்கள். நான் எதற்குக் காத்திருக்கிறேன் என்று தெரியவில்லை.

சார் ஒரு வேலை கொடுத்தார். உங்கள் வேலையிடத்தில் வானிலை மோசமான ஒரு நாளைப் பற்றி எழுதுங்கள். கட்டுரையோ கதையோ, எப்படியும் இருக்கலாம். வரும் வெள்ளி மாலை வகுப்பில் வாசிக்க வேண்டும்.

எனக்குப் பக்கத்து பெஞ்சு பெனிட்டோ. குளச்சலில் ஓர் ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறான். என் குறிப்பை வாங்கிப் படித்தான்.

"ஆரு செத்தா?"

யாரும் சாகவில்லை என்றேன்.

"கை, காலு?"

அதுவும் இல்லை.

"பின்ன என்னத்துக்கு ஏட்டி எழுதுக? காத்தும் நல்ல காத்து, முதலாளியும் நல்ல முதலாளி. இதுல வாசிக்கியவனுக்குத்தான் விபத்து. ஒறங்கி பெஞ்சில இருந்து விழுவான்."

நான் சிரித்தேன். பஸ்ஸில் வரும்போது அவன் சொன்னது சரி என்று பட்டது. மறுபடி எழுதத் தொடங்கினேன்.

3

கைவிட்ட தொடக்கங்கள். அழிக்காமல் விட்டிருக்கிறேன்.

வானம் கறுத்து இறங்கியது, எதையோ சொல்ல வருவதுபோல் —

(இல்லை. அன்று காலையில் வெயில்கூட அடித்தது. வானம் எதையும் சொல்லவில்லை. சொன்னது போன்தான்: சிவப்பு எச்சரிக்கை.)

ஞானதாசன் முதலாளி கழுத்துச் சங்கிலியைத் தடவியபடி, "லோடு தீராமல் ஒருத்தியும் எழுந்திரிக்கக் கூடாது" என்று —

(அவர் சங்கிலி போடுவதில்லை. அப்படிச் சொல்லவும் இல்லை.)

பெனிட்டோவுக்காக ஒரு வில்லனைச் செய்து பார்த்தேன். ஒரு பக்கம் வரை வில்லன் நன்றாகத்தான் நடந்தார். அதன்பிறகு மதியம் அவரே வந்து மணி அடிக்க வேண்டியிருந்தது. மணி அடிக்கிற வில்லனுக்குக் கைகளை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

உண்மையான ஞானதாசனைப் பற்றித் தெரிந்ததைச் சொல்கிறேன். எச்சரிக்கை காலை டீ நேரத்திலேயே வந்தது. மணி அடித்தது மதியம். நடுவில் அவர் முற்றத்தில் நின்று மேற்கே ரப்பர் மரங்களைப் பார்த்தார், உள்ளே போனார், மறுபடி வந்து பார்த்தார். ஏன் அவ்வளவு நேரம் என்று செவ்வாய்க்கிழமை கேட்டேன். கதைக்கு என்று சொல்லித்தான் கேட்டேன். இல்லாவிட்டால் கேட்கத் தைரியம் வந்திருக்காது. போனில் எப்போதும்தான் சிவப்பும் மஞ்சளும் வருகிறது, எல்லாவற்றையும் நம்பினால் ஆபீசைப் பூட்டிவிட்டு ஆடு மேய்க்கப் போகவேண்டியதுதான் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, எச்சரிக்கை வந்தபோதே விடுமுறை விட்டிருக்கலாம் என்றும் சொன்னார்.

ஆனாலும் அன்று எல்லாருக்கும் முழுக்கூலி போட்டார். டிரைவர் சஜினின் டெம்போவில் இரண்டு நடையாக ஏற்றி வீட்டுப்பக்கம் கொண்டுபோய் விட்டார். கடைசி நடை திரும்பிய பிறகுதான் சாலையில் மரங்கள் விழுந்தன. ஊரெல்லாம் ரப்பர் ஒடிந்து கிடந்தது. எங்கள் ஆட்களுக்கு ஒரு கீறலும் இல்லை. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிறைவு இருந்தது. நியாயமான நிறைவு. அதை எந்த வில்லனுக்கும் கொடுக்க முடியாது.

(இங்கே ஒரு சந்தேகம். அவரிடம் சம்பளம் வாங்குகிறவள் நான். அதனால்தான் அவரை நல்லவராக எழுதுகிறேனோ? மூன்று முறை யோசித்துவிட்டேன். அப்படியே இருக்கட்டும்.)

4

நேரத்துக்கு வீடு போய்ச் சேர்ந்தவர்களுக்குக் கதை இல்லை. பேப்பரில் அவர்கள் பெயர் வராது. அன்று சாயங்காலம் அவர்கள் கறி வைத்தார்கள், கரண்ட் இல்லாமல் திட்டினார்கள், தூங்கினார்கள். ஒரு முதலாளி செய்யவேண்டியதைச் செய்தால் அதன் விளைவு இவ்வளவுதான்: கறி, கரண்ட், தூக்கம். இதை வைத்து எப்படி எழுதுவது?

ஆகவே ஒருவரைக் கொல்வது என்று முடிவு செய்தேன். கொட்டை உடைக்கிற பேபியக்காவைத் தேர்ந்தெடுத்தேன். அவர்மேல் எனக்குப் பிரியம் அதிகம். பிரியமானவர் இறந்தால்தான் படிப்பவர்களுக்கு வலிக்கும் என்று நினைத்தேன். எதனால் இறப்பது? மரம் விழ முடியாது, எங்கள் வளவுக்குள் (மதிலுக்குள்) மரம் இல்லை. கூரைத்தகடு புதியது. மிச்சம் இருந்தது புகைக்கூண்டு. அடியில் செங்கல், மேலே நீளமான இரும்புக்குழாய். அதை மூன்று கம்பிகள் இழுத்துப் பிடித்திருக்கின்றன.

எழுதினேன். சீக்கிரமே எழுதிவிட்டேன்.

5

[மணி அடித்தபோது காற்று கூடியிருந்தது. பேபி எழுந்து சாம்பல் தொட்டிக்கு நடந்தாள். வரிசையில் அவள் எப்போதும் கடைசி. தன் கைகளை அவள் அவசரப்படுத்துவதில்லை. சாம்பலைத் தேய்த்தாள். விரல் இடுக்குகளில் தேய்த்தாள். தலைக்குமேல் கம்பி ஒன்று மெல்ல முனகத் தொடங்கியிருந்தது. அவள் குனிந்து தண்ணீரை அள்ளினாள். கம்பி முனகுவதை நிறுத்தியது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை, நிமிர்ந்து பார்க்க —]

6

மேலே உள்ளதை முடிக்கவில்லை. நடுவில் எழுந்துவிட்டேன்.

காரணம் சொல்கிறேன். குழாய் விழவேண்டும் என்றால் அதன் அடியில் பேபியக்கா நிற்கவேண்டும். அவரை அங்கே கொண்டுவர ஒரு காரணம் தேடினேன். மறந்துவிட்ட குடை, தொலைந்த தோடு என்று என்னென்னவோ நினைத்தேன். எதுவும் தேவைப்படவில்லை. அவர் அங்கே தானாகவே வந்து நின்றார். தினமும் நிற்கிறார். எல்லாருமே நிற்கிறார்கள்.

தொட்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். அண்டித்தோட்டில், அதாவது முந்திரிக்கொட்டையின் ஓட்டில், ஓர் எண்ணெய் இருக்கிறது. பட்டால் தோல் பொள்ளிக் கொப்புளம் வந்துவிடும். அதனால் எந்த அவசரத்திலும் பெண்கள் அந்தக் கையோடு வெளியே போகமாட்டார்கள். முதலில் சாம்பல் தேய்த்து, பிறகு தண்ணீர். இதற்காக ஞானதாசனின் அப்பா மயிலாடியிலிருந்து ஒரு கல்தொட்டி வாங்கிப் போட்டார். ஒரு பாதியில் சாம்பல், மறு பாதியில் தண்ணீர். சாம்பல் அடுப்பிலிருந்து வருவதால் அடுப்புக்குப் பக்கத்தில் போட்டார். அடுப்புக்கு மேலேதான் புகைக்கூண்டு. அவர் காலத்தில் குழாய் இவ்வளவு உயரம் இல்லையாம்.

டிப்ளமோவில் அவசர வெளியேற்றப் படம் வரையச் சொல்லித் தந்திருக்கிறார்கள். எங்கள் ஆபீசுக்கு நானே வரைந்து சுவரில் ஒட்டியிருக்கிறேன். உடைக்கும் கொட்டகையிலிருந்து கேட்டுக்கு நேராக ஒரு பச்சை அம்பு. அந்த அம்பில் தொட்டி இல்லை. வெள்ளிக்கிழமை நான் எழுதிய தவறான வாக்கியமும் அந்த அம்பும் ஒன்றே.

சென்ற வியாழக்கிழமை, வளவிலேயே ஆபத்தான இடத்தில், காற்று அடித்துக்கொண்டிருந்தபோது, எல்லாரும் வரிசையில் பொறுமையாக நின்றார்கள். மணி அடித்து நாங்களே அவர்களை அங்கே அனுப்பினோம். குழாய் விழவில்லை. அவ்வளவுதான்.

7

புதன் மதியம், மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் தின்றுகொண்டிருந்த பேபியக்காவுக்கு ஐந்தாம் பகுதியை வாசித்துக் காட்டினேன். அவரைக் கேட்காமல் கொன்றது மனசில் உறுத்தியது. சுற்றிலும் மற்றவர்களும் இருந்தார்கள்.

"எனக்க சாவா இது?" என்றார். கோபமில்லை. "என்ன சாரி உடுத்திருக்கேன்?"

எழுதவில்லை, ஆனால் வேலைக்குக் கட்டும் பழைய நீலம் என்று மனசில் வைத்திருந்ததாகச் சொன்னேன்.

"பாத்தியளா, சாவுக்கும் பழைய சாரிதான் தந்திருக்கா. அந்த மஞ்சளை உடுத்தி விடு மக்கா."

மஞ்சளில் எண்ணெய் பட்டுவிடுமே என்றேன்.

"கதையில என்ன எண்ணெய்?"

எல்லாரும் சிரித்தார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிந்து, அவ்வளவு காற்றில் கை கழுவ நின்றதற்குப் பதில் ஓடியிருக்கலாமே என்று பேபியக்காவைக் கேட்டாள். கேட்ட பிறகு, தானும் அதே வரிசையில் நின்றது அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இந்தக் கையோட எங்க ஓட? வீட்டுல போனதும் பேரன் மேல விழுவான். அவனுக்க முகத்துல பட்டா?" பேபியக்கா தட்டை வழித்துவிட்டு அடுப்புப் பக்கம் பார்த்தார். மற்றவர்களும் பார்த்தார்கள்.

"செரியாத்தான் எழுதியிருக்கா," என்றார். "நான் அங்கதான் நிப்பேன்."

அன்று சாயங்காலம் கை கழுவும்போது ஒவ்வொருத்தியும் ஒருமுறை அண்ணாந்து பார்த்ததை நான் கவனித்தேன். அது எனக்குப் பிடிக்கவில்லை. வழக்கமாக அந்த நேரத்தில் அவர்கள் பாடுவார்கள், சீரியல் பேசுவார்கள்.

8

இன்று, வியாழக்கிழமை காலை, முதலாளி கூப்பிட்டார். ஏதோ எழுதியிருக்கிறாயாமே என்றார். கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றபடியே ஐந்தாம் பகுதி வரை படித்தார். பிறகு உட்கார்ந்தார்.

"இதை ஆரு வாசிப்பா?"

வகுப்பில் நாளை வாசிக்க வேண்டும் என்றேன்.

"எனக்க ஆபீசுல ஆளு செத்துதுன்னா?"

"கதை, முதலாளி."

"கதைன்னாலும் சிம்னி எனக்க சிம்னி." தாளை மேசையில் வைத்தார். "மழை வருமுன்ன நான் ஆளுகளை வீட்டுல கொண்டு விட்டேன். அது ஒனக்குத் தெரியும். இந்தச் சாவை எடுத்திரு."

நான் தைரியசாலி இல்லை. எழுதிப்பார்த்த வாக்கியங்கள் எதுவும் அப்போது வாயில் வரவில்லை.

"தொட்டியை எடுத்தா, எடுத்திருவேன்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு வெளியே போனார். ஜன்னல் வழியே தெரிந்தது: தொட்டிக்குப் பக்கத்தில் நின்றார், இழுவைக் கம்பி ஒன்றைப் பிடித்து ஆட்டினார், அண்ணாந்து பார்த்தார். நெடுநேரம் நின்றார். திரும்பி வந்து சண்டை போட்டார். தொட்டியைக் கொட்டகை வாசலுக்கு மாற்றினால் அதுவரை சாம்பலை யார் சுமப்பது? கூடையில் சுமக்கலாம் என்றேன். தண்ணீர்க்குழாய்? ஹோஸ் போதும் என்றேன். கம்பியை இறுக்கி வெல்டிங் வைத்தால் தொட்டி அங்கேயே இருக்கலாமே? வெல்டர் அடுத்த வாரம்தான் வருவார், சனிக்கிழமைக்கு மறுபடி எச்சரிக்கை வந்திருக்கிறது என்றேன்.

"அது அப்பன் போட்ட இடம்," என்றார் கடைசியாக.

இருவரும் ஜன்னல் வழியே தொட்டியைப் பார்த்தோம்.

"மணி அடிச்சா எனக்க பொறுப்பு தீந்துதுன்னு நெனச்சேன்," என்றார். என்னிடம் சொன்னதுபோல் இல்லை. பிறகு சஜினைக் கூப்பிட்டு, நாளைக் காலையில் கடப்பாரை கொண்டுவரச் சொன்னார். என் பக்கம் திரும்பி, "நீயும் பிடிக்கணும் கேட்டியா. எழுதினா மட்டும் போராது," என்றார்.

(வில்லனுக்கு எங்கே வைப்பது என்று தெரியாத அந்தக் கைகளில் இப்போது கம்பியின் துரு ஒட்டியிருந்தது. இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்து, எழுதிவிட்டேன். கொஞ்சம் அலங்காரம்தான்.)

9

முடிவுகள்.

அ. சனிக்கிழமை காற்று வருகிறது. குழாய் யாரும் இல்லாத தரையில் விழுகிறது. எல்லாரும் என்னைப் பாராட்டுகிறார்கள். (எழுதும்போது இனிப்பாக இருந்தது. அதனாலேயே நம்பவில்லை.)

ஆ. காற்று வரவில்லை. குழாய் அப்படியே நிற்கிறது. கொட்டகை வாசலில் தொட்டி வழியை அடைக்கிறது என்று பெண்கள் ஒரு மாதம் என்னைத் திட்டுகிறார்கள். பேபியக்கா கடைசியாக நின்று, அண்ணாந்து பார்க்காமல், விரல் இடுக்குகளில் சாம்பல் தேய்க்கிறார். பெனிட்டோ இதைப் படித்துப் பெஞ்சிலிருந்து விழுகிறான்.

இ. தொட்டி நகரவில்லை. ஏதோ ஒரு காரணம்: கடப்பாரை வரவில்லை, லோடு வந்துவிட்டது, அடுத்த வாரம் பார்க்கலாம். அப்புறம் —

எனக்குப் பிடித்தது ஆ. ஆனால் எது நடக்கும் என்று இதை எழுதும்போது எனக்குத் தெரியாது. உங்கள் கையில் இருப்பது வியாழக்கிழமைப் பிரதி. தொட்டி நகர்ந்தால் வெள்ளி மாலை வகுப்பில் நான் வாசிக்கும் பிரதியில் நான்குக்கு அடுத்து ஆறு வரும், பேச்சு மாறமாட்டேன். நகராவிட்டால், ஐந்தாம் பகுதியின் அரைகுறை வாக்கியத்தை அங்கே முடித்து, பெனிட்டோ முன்னால் உரக்க வாசிப்பேன். ஆகவே முடிவைத் தெரிந்துகொள்ள என் கதை உதவாது. பேச்சிப்பாறைக்குப் போகிற வழியில் இந்தப் பக்கம் வந்தால், கேட் எப்போதும் திறந்திருக்கும், எட்டிப் பாருங்கள். அவர்கள் எங்கே நின்று கை கழுவுகிறார்கள் என்பதுதான் முடிவு.

நவம்பர் 27, வியாழன். நாளைய வேலை: காலையில் வேலை மணி அடிக்குமுன் போய்த் தொட்டியிலுள்ள தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். சாம்பலை அள்ளிக் கூடையில் நிரப்ப வேண்டும். சுவரில் ஒட்டிய படத்தில் பச்சை அம்பைத் திருத்தி வரைய வேண்டும்.