சின்னப்பொண்ணை மதுராந்தகத்தில் இறக்கிவிட்டது

1974 மாசி மாதத்தில் சின்னப்பொண்ணை ஆறு முறை லாரியில் ஏற்றி மதுராந்தகம் ஏரிக்கரையில் இறக்கினார்கள். ஆறு முறையும் லாரி திரும்புவதற்குள் அவள் மாமல்லபுரத்தில் தன் குடிசை வாசலில் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளைக்காரப் பயணிகளின் கண்ணில் ஏழைகள் படக்கூடாதென்று அந்த வருஷம்தான் ஊர்ப் பெரிய மனிதர்கள் ஏழு பேர் நலக் கமிட்டி வைத்திருந்தார்கள். யாருடைய நலம் என்று பலகையில் எழுதவில்லை. பிழைக்க வந்தவர்களை அவரவர் சொந்த ஊருக்கே அனுப்புவது என்று தீர்மானம். பணக்காரர்களிடம் சொந்த ஊர் கேட்கும் வழக்கம் இல்லை.

சின்னப்பொண்ணு பிறந்தது இதே கடற்கரைச் சவுக்குத்தோப்பில். ஆனால் கமிட்டித் தலைவர், லாட்ஜ் முதலாளி காசிநாதன், கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் புருஷன் ஊர்தான் சொந்த ஊர் என்றார். மதுராந்தகத்துப் புருஷன் செத்துப் பதினோரு வருஷம். அந்த ஊரை அவள் கல்யாணத்தன்று பார்த்ததோடு சரி. குடிசை இருந்த இடத்தில் லாட்ஜுக்குப் பூந்தோட்டம் வரவிருந்தது. அது தீர்மானத்தில் இல்லை.

"நான் பொறந்த மண்ணு இது. இந்த வூட்டையும் வுட்டா எனக்குன்னு இன்னா கீது?" என்று அவள் அழுதாள். அழுகையைக் கமிட்டி பதிவு செய்துகொண்டது.

"நான் இன்னா சார் பண்றது? எறக்கி வுட்டுட்டு ஒரு டீ குடிக்கறதுக்குள்ள ஆளு காணோம். இங்க வந்து பாத்தா குந்திகினு கீது" என்றார் லாரி டிரைவர் ஹயாத் பாஷா. டீசல் வீணாவதைப் பற்றிக் கமிட்டி மிகவும் வருந்தியது.

ஏழாம் முறை காவலுக்குக் காசிநாதனே கிளம்பினார். லாரியில் நாற்காலி போட்டு, வேட்டி கசங்காமல், அவள்மீது வைத்த கண்ணை எடுக்காமல் போனார். ஏரிக்கரையிலும் அதே நாற்காலியில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். பாஷா டீ குடித்துவிட்டு வந்தபோது நாற்காலி மட்டும் இருந்தது. சின்னப்பொண்ணு தன் குடிசை வாசலில் இருந்தாள். காசிநாதன் உத்திரமேரூர் பக்கம், இருபது வருஷத்துக்கு முன் ஒரு தகரப்பெட்டியோடு பிழைக்கக் கிளம்பிய கூரை வீட்டு வாசலில் நின்றார். பரம்பரைப் பணக்காரர் என்று அதுவரை ஊர் நம்பியிருந்தது. தீர்மானம் அவ்வளவு சுத்தமாக வேலை செய்தது.

அதன்பின் கமிட்டி கூடவில்லை. மீதி ஆறு பேரும் தாங்கள் எங்கே பிறந்தோம் என்பதை யோசிக்கவே பயந்தார்கள். பூந்தோட்டமும் வரவில்லை. காசிநாதன் மாதம் ஒருமுறை பஸ்ஸில் வருவார், லாட்ஜ் வாசலில் டீ கேட்பார், கிளாஸ் காலியாவதற்குள் ஆள் இருக்கமாட்டார். சர்வர் கிளாஸை எடுத்துக் கழுவிவைப்பான். சின்னப்பொண்ணு மட்டும் வாரத்துக்கொரு நாள் பாஷாவின் லாரியில் மதுராந்தகம் போய் நொய்யரிசி வாங்குகிறாள். கடைக்காரர் அவளுக்குத்தான் முதலில் அளந்து போடுகிறார், ஒரு டீ குடிக்கும் நேரம்தான் அவள் அங்கே இருப்பாள் என்று அவருக்குத் தெரியும்.