பொருள்: போயிட்டு வரேன்

1

இருந்தவர்கள்: மேசைக்கு அந்தப் பக்கம் தலைமையாசிரியர். அவருக்கு வலப்பக்கம் இரண்டாம் வகுப்பு ஆசிரியை, மடியில் கைப்பை. இந்தப் பக்கம் என் தங்கை, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்திலிருந்து சீருடையோடு நேராக வந்தவள். பக்கத்தில் மொழிபெயர்க்க நான். நடுவில், குட்டை நாற்காலியில், என் தங்கை மகள் வாலு. வழக்கே அவளைப் பற்றியதுதான். ஜன்னலோரம் ஒரு லிஃப்ட் மெக்கானிக்.

(லிஃப்ட் மெக்கானிக் அன்று அங்கே இல்லை. ஏன் உட்கார வைத்தேன் என்று பிறகு சொல்கிறேன்.)

இந்தக் கதை ஒரு கடிதத்தில் அடித்துப்போட்ட வரிகளிலிருந்து பிறந்தது. கல்வி அலுவலகத்துக்கு ஒரு பக்கம் எழுத உட்கார்ந்தேன். நான் படித்த சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அனுப்புநர், பெறுநர், பொருள் மூன்றையும் ஒழுங்காகப் போட்டாலே பாதி மதிப்பெண். முதல் இரண்டும் ஆயிற்று. ‘பொருள்’ என்று எழுதி முக்காற்புள்ளி வைத்ததும் பேனா நின்றுவிட்டது.

2

முதல் தொடக்கம்: ‘மொழி என்பது ஒரு பால...’ அடித்துவிட்டேன். எத்தனை பேர் நடந்து தேய்த்த பாலம்!

இரண்டாவது: ‘அன்று நல்ல மழை.’ பரவாயில்லை. உண்மையும்கூட.

அன்று நல்ல மழை. கடைசி மணி அடித்ததும் வாலு தன் ஆசிரியையிடம், “போய்விட்டு வருகிறேன்” என்றாள். தமிழில் இல்லை; இந்த நாட்டுப் பள்ளிக்கூட மொழியில், வார்த்தைக்கு வார்த்தை. ஆசிரியை வேலைக்குப் புதியவர். குழந்தை எதையோ எடுக்கப் போகிறது, திரும்பி வரும் என்று வகுப்பைப் பூட்டாமல் காத்திருந்தார். பஸ் போய்விட்டது. நனைந்துகொண்டே நடந்தார். மறுநாளும் வாலு வருகிறேன் என்றாள், வரவில்லை. அதற்கடுத்த நாளும்.

ஆசிரியை முடிவுக்கு வந்தார்: தான் பேசுவதன் அர்த்தமே இந்தக் குழந்தைக்குத் தெரியவில்லை. மொழி தெரியாத பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு இருக்கிறது, வேறு கட்டடத்தில். அங்கே மாற்றச் சொல்லி அலுவலகத்துக்கு எழுதிவிட்டார். மாறினால் வாலுவுக்கு ஒரு வருஷம் போகும். பக்கத்து நாற்காலிச் சிநேகிதியும் கைவிட்டுப் போவாள். வருஷத்தைப் பற்றி வாலுவுக்குக் கவலையில்லை.

3

இங்கே ஒரு சங்கடம். அந்த அறையில் பல மொழி. என் தாளில் எல்லோரும் தமிழ்தான் பேசுகிறார்கள். தலைமையாசிரியர் கேட்டால் அவரே அசந்துபோவார். பொறுத்துக்கொள்ளுங்கள்.

“தினமும் வரேன்னு சொல்றா. வர்றதே இல்ல,” என்றார் ஆசிரியை.

“என்னண்ணா சொல்றாங்க இவங்க?” என்றாள் தங்கை. “வேற என்னன்னு சொல்லிட்டுக் கிளம்புறதாம்? ‘போறேன்’னா? அப்படிச் சொன்னா வாயிலேயே போடுவேன்!”

நான் விளக்கினேன்: ‘போகிறேன்’ என்று மட்டும் சொன்னால் ஒரேயடியாகப் போவதுபோல இருக்கும், அதனால் வருவதையும் சேர்த்துச் சொல்வது எங்கள் வழக்கம். (வாயில் போடுவதை விட்டுவிட்டேன்.)

“ஆனா நான் காத்துட்டு இருந்தேனே,” என்றார் ஆசிரியை. கோபமில்லை; மனத்தாங்கல்.

தங்கை விடுவாளா? “அவங்களும்தான் தினம் ‘மறுபடி பார்ப்போம்’னு சொல்லி அனுப்புறாங்க. ஞாயித்துக்கிழமை வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தாங்களாமா?”

பள்ளிக்கூட மொழியில் விடைபெறும் சொல்லுக்கு அதுதான் அர்த்தம். இதை எப்படி மரியாதையாகச் சொல்வது என்று நான் துழாவுவதற்குள், குட்டை நாற்காலியிலிருந்து வாலு முழுசையும் மொழிபெயர்த்துவிட்டாள். ஒரு சொல் பிசகவில்லை. அம்மாவின் இழுவைகூட அப்படியே இருந்தது.

ஆசிரியை வாயைப் பொத்தினார். பொத்தியும் சிரிப்பு நிற்கவில்லை. கைப்பை மடியிலிருந்து சரிந்தது.

“இவளா மொழி தெரியாதவ?” என்றார் தலைமையாசிரியர்.

4

லிஃப்ட் மெக்கானிக், பக்கத்து நாற்காலிச் சிநேகிதியின் அப்பா. மறுநாள் பள்ளி வாசலில் சொன்னதைக் கதைக்காக அறைக்குள் இழுத்து வந்தேன். அவரைப் பேசவிடாவிட்டால் பாவம்:

“எங்க மொழியில ‘கதவைச் சாத்திக்கோ’ன்னு சொல்லிட்டுத்தாங்க கிளம்புவோம். நான் லிஃப்டை சரி பண்ணிட்டு பழக்கதோஷத்துல அதையே சொல்வேன். இன்னும் சாத்தலியான்னு ஜனங்க பயந்து படியேறிப் போயிடுறாங்க!”

கதைக்கென்றே பிறந்தவர் மாதிரி இருக்கிறார் என்று எனக்கே சந்தேகம். ஆனால் இருக்கிறார்.

அந்த வெள்ளிக்கிழமை ஆசிரியை பிள்ளைகளை உட்கார வைத்து, வீட்டில் எப்படி விடைபெறுவீர்கள் என்று கேட்டு எழுதி, வகுப்புக் கதவில் ஒட்டினார். ‘சிரித்தபடி இரு’ என்று ஒன்று. ‘வழி காய்ந்திருக்கட்டும்’ என்று ஒன்று. எங்கள் வீட்டில் ஒன்றும் சொல்லமாட்டோம், தலையைத் தொடுவோம் என்றாள் ஒருத்தி. அவளுக்காக ஒரு கை வரைந்திருக்கிறது. இப்போது மணி அடித்தால் அந்தக் கதவருகே ஒரே இரைச்சல். ஆசிரியையின் பஸ் இன்னமும் சில நாள் தவறுகிறதாம், காரணம் வேறு.

5

எழுதியனுப்பியதைத் திரும்பப் பெற இன்னொரு கடிதம் வேண்டும் என்றார் தலைமையாசிரியர். “நானும் கையெழுத்துப் போடுறேன்,” என்றார் ஆசிரியை.

முடிவு அ: அலுவலகம் ஒப்புக்கொள்கிறது.

முடிவு ஆ: ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வருகிறது. அதற்குள் வாலு இங்கேயே மூன்றாம் வகுப்புக்குப் போய்விடுகிறாள்.

முடிவு இ: அந்தக் கட்டடத்தில்...

இதை எழுத மனம் வரவில்லை. மூன்றில் எது என்பதை உங்களிடம் விடுகிறேன். தாய்மாமன் பாரபட்சமில்லாமல் இருக்க முடியாது.

6

‘பொருள்’ என்பதற்கு எதிரே என்ன எழுதினேன் என்பது இந்தக் கதையின் தலைப்பில் இருக்கிறது.

‘இப்படிக்கு’ என்பதற்கு மேலே, வாலு எழுதிக் காட்டியதைப் பார்த்து, ஆசிரியை தன் கையாலேயே தமிழில் ‘போயிட்டு வரேன்’ என்று எழுதினார். ‘யி’ கொஞ்சம் சாய்ந்துவிட்டது. அலுவலகக் கடிதத்தை இப்படி முடிக்கக் கூடாது. எங்கள் ஊரில் மதிப்பெண் போயிருக்கும். போகட்டும்.

உறையை ஒட்டினேன். தபால்பெட்டி வாலுவுக்கு எட்டவில்லை, தூக்கிப் பிடித்தேன். கடிதம் உள்ளே விழுந்த சத்தம் கேட்டது. இறக்கிவிடப் போனால், “இரு மாமா” என்று பெட்டியின் வாயருகே குனிந்தாள்.

“போயிட்டு வா.”