குதிகாலில் அடித்த மணி

ஈஸ்டர் கழிந்த திங்கட்கிழமை காலை, ஊரிகம் ஸ்டேஷனில் பெங்களூர் ரயிலுக்கு நின்றிருந்த ஜெனிட்டா, பிளாட்பாரத்துச் சிமெண்டுக்குள் கணுக்கால் வரை இறங்கினாள். பக்கத்திலிருந்தவர்கள் கையைப் பிடித்துத் தூக்கி ஏற்றிவிட்டார்கள்; ரயிலும் நேரத்துக்குத்தான் கிளம்பியது. தினமும் போய்வரும் பெங்களூர்த் துணிக்கடையில் நாளெல்லாம் நின்றே விற்கிற வேலை அவளுக்கு. குதிகாலில் பிடித்த வலி முழங்காலுக்கு ஏறி, இடுப்பிலும் வந்து உட்கார்ந்துவிட்டது. விட்டுவிட்டு இரண்டிரண்டாகத் தெறிக்கிற வலி. அதை முந்தின நாள் ஈஸ்டர் பிரியாணி சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னாள். வினை அங்கேதான் பிடித்தது.

அப்பா சுந்தரராஜ், நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் ஆட்களை இறக்குகிற கேஜுக்கு, அந்த இரும்புக் கூண்டுக்கு, மணி அடித்தவர். ஒரு மணி அடித்தால் நிறுத்து, இரண்டு அடித்தால் இறக்கு. வந்த மணியை அப்படியே திருப்பி அடித்தால்தான் கேஜ் நகரும். சுரங்கத்தை மூடி, ஷாஃப்ட் குழியில் தண்ணீர் ரொம்பி எத்தனையோ வருஷமாயிற்று. கைப்பழக்கம் போகுமா? மகள் சொன்ன தாளத்தைக் கேட்டதும் மனுஷன் யோசிக்காமல் டம்ளரால் இரும்புக் கட்டிலில் இரண்டு தட்டித் தொலைத்தார். கீழேயிருந்து கேட்டது யாரோ, அவர்களுக்குப் பதில் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை அடுப்படியில் முழங்கால் வரை இறங்கினாள். "கீழ ஜில்லுனு இருக்குப்பா, தண்ணி தொடுது" என்று அழுதாள். தன் கையாலேயே மகளைக் கீழே அனுப்பிக்கொண்டிருப்பது சுந்தரராஜுக்குப் புரிந்துவிட்டது. கட்டிலில் ஒரு மணி தட்டித் தட்டிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை.

பிசியோதெரபி பார்க்கும் சுமா, ஜெனிட்டாவின் பாதத்தை நனைத்துப் பேப்பர் மேல் நிற்கவைத்தாள். முழுப் பாதமும் பதிந்தது. "வளைவே இல்ல அங்கிள். நிக்க நிக்க அடிப்பாதம் இழுத்துக்குது, குதிகால் தாங்கறதில்ல. ஷூவுக்குள்ள பாதத்தை ஏந்தற மாதிரி இன்சோல் போட்டா வலி கொறையும்."

"எறங்கறது?"

"வலிக்குத்தான் அங்கிள் நான் வழி சொல்ல முடியும்."

இன்சோல் முதல் வாரம் உறுத்தியது. கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டிப் போட்டுப் பழகினாள். மழைக்காலத்துக்குள் முழங்காலும் இடுப்பும் லேசாகிவிட்டன. ஷூ போட்டிருக்கும் வரை தரையும் தாங்கியது. ஆனால் ஷூவோடு யார் குளிக்க முடியும்? அம்மா மரியகுழந்தை அக்குளில் கை கொடுத்துப் பிடித்துக்கொள்வாள். ஒருநாள் காலையில் சோப்பு வழுக்கிக் கை நழுவ, மகள் மார்பு வரை போய்விட்டாள். அம்மா போட்ட கூச்சலில் சுந்தரராஜ் வெறுங்காலோடு ஓடிவந்து பிடித்தார். அவருடைய குதிகாலிலேயே அந்த இரண்டு மணியும் அடித்தன. அதே காலால் தரையில் ஓங்கி ஒன்று போட்டார்.

மகள் நின்றாள்.

அன்று முதல் அவள் குளிக்கும்போதெல்லாம் அவர் கதவுக்கு வெளியே வெறுங்காலோடு நிற்கிறார். இரண்டு வரும், ஒன்று திருப்பிக் கொடுப்பார். இப்போது அவர் முழங்கால் வீங்கியிருக்கிறது. ஜெனிட்டா அவருக்கும் ஒரு ஜோடி இன்சோல் வாங்கி வந்தாள். அது கவர் பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது.

"போட்டுக்கப்பா. வலி போய்டும்."

"போய்டும் கண்ணு. அப்பறம் மணி வந்தா எனக்கு எப்டித் தெரியும்? நீ போய்க் குளி, ரயிலுக்கு நேரமாச்சு."