பாட்டிலை மூடுங்க!

பரணிதரன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்காரவே மறுத்தார். கீழ்வேளூர்ப் பக்கம் அவர் வயலில் அறுப்பு மெஷின் பாதியில் நிற்கிறது, வானம் கறுக்கிறது. மெஷினுக்குள் குனிந்து பார்த்தபோது கழுத்துத் துண்டு பெல்ட்டில் மாட்டி இழுத்துவிட்டதாம். துண்டு கிழிந்ததால் பிழைத்தார். கழுத்தில் ஒரு சிவந்த கோடு. எக்ஸ்ரேயில் எலும்பெல்லாம் சரி.

"சுளுக்குதாம்மா. ஒரு திருப்பு திருப்பினா விட்டுடும்" என்றார் கூட வந்த மாமா சாரங்கபாணி. சுளுக்கு எடுப்பதில் பேர்போனவர். எண்ணெய்ப் பாட்டிலோடுதான் வந்திருந்தார், மகராசன்.

"பாட்டிலை மூடுங்க!" என்று கத்தினேன். டாக்டர் ஷீபாவுக்கு, அதாவது எனக்கு, மூக்குமேல் கோபம் என்பது வார்டுக்கே தெரியும்.

ஆனால் இந்தக் கோபத்துக்குக் காரணம் இருந்தது. பரணிதரனின் இடது இமை லேசாக இறங்கியிருந்தது. அந்தக் கண்ணின் கருமணியும் சிறுத்திருந்தது. கழுத்து ரத்தக்குழாய் அடிபட்டால் அதை ஒட்டி ஓடும் நரம்பு கண்ணில் இப்படித்தான் காட்டும்.

"இவருக்குக் கண்ணு எப்பவுமே இப்படியா?" என்று அவர் மனைவி விஜயலட்சுமியிடம் கேட்டேன்.

"அறுப்பு நேரம், சரியாத் தூங்கலை டாக்டர். அதனால இருக்கும்."

"காலையில எடுத்த போட்டோ ஏதாவது இருக்கா?"

சிங்கப்பூர்த் தம்பிக்கு அனுப்ப, மெஷின் முன்னால் எடுத்த போட்டோ இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு இமையும் ஒரே உயரம்.

"இப்ப வீட்டுக்குப் போனா ஒரு பக்கம் கைகால் விளங்காமப் போயிடலாம். பேச்சும் போயிடலாம்" என்றேன்.

விஜயலட்சுமி சட்டென்று குனிந்தார். கணவரின் செருப்பை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். "இனி எப்படிப் போறாருன்னு பாக்கறேன்."

ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன் எடுத்தோம். மூளைக்குப் போகும் குழாயின் உள்சுவர் கிழிந்து, அங்கே ரத்தம் உறைய ஆரம்பித்திருந்தது. கழுத்தைத் திருகியிருந்தால் அந்த ரத்தக்கட்டி நேராக மூளைக்குப் போயிருக்கும். உறையாமலிருக்க உடனே மருந்து ஏற்றினோம். அன்று மழை கொட்டித் தீர்த்தது. கொஞ்சம் நெல் போனது, ஆள் போகவில்லை.

அடுத்த போகத்துக்கு நாற்று விடும் சமயம் மறுபடி ஸ்கேன் எடுத்தோம். குழாய் ஆறியிருந்தது. நான் கைதட்டிக் குதித்தேன், வெட்கமே இல்லாமல்.

போன வாரம் ஒரு போன்.

"டாக்டரம்மா, சாரங்கபாணி பேசறேன். பைக் சக்கரத்துல துப்பட்டா மாட்டின பொண்ணை ஆட்டோவுல அனுப்பியிருக்கேன். நேத்து எடுத்த போட்டோவும் கொடுத்திருக்கேன்."

"கழுத்துல கை வச்சீங்களா?"

"நல்லாக் கேட்டீங்க போங்க! பாட்டிலையே திறக்கலை."