எண்ணெயைத் தண்ணீரில்

காப்புரிமை வழக்கறிஞர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"இதை வெளியில யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?"

"இல்ல மேடம்" என்றாள் அக்கா. அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் "ச்சே ச்சே" என்றார். அவர் பொதுவாகவே எதையும் யாரிடமும் சொல்லாதவர், தேர்வுத் தேதியைக்கூட. நான் மேசைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்தேன். என் வலது முழங்கால் மட்டும் மேசைக்கு அடியில் தையல் இயந்திரம் மாதிரி ஆட ஆரம்பித்தது.

"மாநாடு, ஆய்வேடு, பேட்டி, பெருமைக்குப் போட்ட ஸ்டேட்டஸ், எதுவா இருந்தாலும் இப்பவே சொல்லிடுங்க. விண்ணப்பம் பதிவாகறதுக்கு முன்னாடி அச்சுல வந்துட்டா அது புதுசு இல்ல. நீங்களே சொல்லியிருந்தாலும் சரி. சில நாட்டுல ஒரு வருஷம் வரைக்கும் மன்னிச்சு விடுவாங்க. எல்லா நாட்டுலயும் இல்ல. நாம கேக்கப் போறது எல்லா நாட்டுலயும்."

முழங்கால் வேகம் எடுத்தது. தண்ணீர் பாட்டில் மேசையில் நடக்கத் தொடங்கியது. அக்கா என்னைப் பார்க்காமலேயே பாட்டிலைப் பிடித்து நிறுத்தினாள். இருபது வருடப் பழக்கம்.

விஷயம் இதுதான். அக்கா நான்கு வருடமாக ஒரு பால்மம் செய்துகொண்டிருந்தாள். எண்ணெயும் தண்ணீரும் சண்டை போடாமல் ஒரே பாட்டிலில் குடித்தனம் நடத்தினால் அதற்குப் பெயர் பால்மம். அக்காவின் பால்மத்தில் எண்ணெய்த் துளிகள் எவ்வளவு சிறியவை என்றால், பால் போல வெள்ளையாக இருக்க வேண்டியது கண்ணாடி போலத் தெளிந்து, வெளிச்சத்தில் லேசாக நீலம் காட்டும். ஒவ்வொரு துளிக்குள்ளும் கிருமிக்கொல்லி மருந்து உட்கார்ந்திருக்கும். கிருமியின் உறையிலும் கொழுப்பு, வந்திருப்பதும் கொழுப்பு. சொந்தக்காரர் வந்திருக்கிறார் என்று கிருமி கதவைத் திறக்கும். அத்தோடு அதன் கதை முடியும். தீக்காயத்தில் பூசினால் எரிச்சல் இருக்காது.

ஒரு மருந்து நிறுவனம் இதைத் தயாரிக்க முன்வந்திருந்தது. நிபந்தனை: வெள்ளிக்கிழமைக்குள் காப்புரிமை விண்ணப்பம் பதிவாக வேண்டும். பதிவானால் அங்கே அந்த வேலையை நடத்தப்போவது அக்கா. இல்லையென்றால் அவளுடைய ஆய்வு ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. அதன்பின் எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து என்னைத் திட்டும் முழுநேரப் பணியில் அவள் சேர்வாள். அன்று புதன்கிழமை.

நான் அதே துறையில் முதுநிலை மாணவன். லேசர் கருவியில் துளிகளின் அளவைப் பார்த்துச் சொல்வது என் வேலை. ஒரு நாள் கருவியின் முன்னால் தூக்கக் கலக்கத்தில், "எண்ணெயை ஒரு பங்கு குறைச்சுத்தான் பாரேன்" என்று நான் சொல்லப்போக, துளி பாதியாகச் சுருங்கியது. அன்று முதல் அதுதான் அளவு.

எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. 'கொட்டாவி' என்ற மாணவர் இதழில் கடைசிப் பக்கம் எழுதுகிறேன். இரண்டு மாதத்துக்கு முன் அந்தப் பக்கத்தின் தலைப்பு: 'கிருமிகளுக்கு ஒரு விருந்து'. சமையல் குறிப்பு வடிவத்தில், தேவையான பொருட்கள், செய்முறை என்று அக்காவின் பால்மம் முழுவதையும் கிராம் கணக்கோடு எழுதியிருந்தேன். அளவை எதற்கு எழுதினாய் என்று கேட்கலாம். அளவு இல்லாத சமையல் குறிப்பை யார் நம்புவார்கள்? கலையில் நான் சமரசம் செய்துகொள்வதில்லை.

"பாத்ரூம் போயிட்டு வரேன்" என்று எழுந்தேன்.

அச்சிட்டது எண்பது பிரதி. படித்தவர்கள் அதைவிடக் குறைவு. விடுதியிலும் கேன்டீனிலும் ஓடி ஓடிப் பதினொன்றைப் பிடித்தேன். ஒன்று ஆடுகிற மேசையின் காலுக்கடியில் மடங்கிக் கிடந்தது. உருவியதும் மேசை ஆடி ஒருவருடைய தேநீர் கொட்டியது. என் எழுத்து சமூகத்துக்கு எவ்வளவு தேவைப்படுகிறது என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. மிச்சப் பிரதிகள் குப்பைக்குப் போயிருக்கும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். ஒன்றைத் தவிர.

நூலகத்துக்குள் மூச்சிரைக்க நுழைந்தேன்.

"மேடம், கொட்டாவி இருக்கா?"

"மதியம் மூணு மணிக்குத்தான் வரும்" என்றார் நூலகர்.

"இதழ் மேடம்."

"அதுவா? அந்த மூலையில. இங்கயே உக்காந்து படி, வெளிய தரமாட்டோம்."

இருந்தது. அட்டையில் ஊதா நிற முத்திரை, நூலகத்துக்கு வந்து சேர்ந்த தேதியோடு. இந்தக் கல்லூரியில் எந்த முத்திரையும் தெளிவாக விழுந்து நான் பார்த்ததில்லை, இது விழுந்திருந்தது. கடைசிப் பக்கத்தின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்தேன். இருமிக்கொண்டே கிழித்தால் சத்தம் கேட்காது. ஒரு முறை இருமிப் பார்த்தேன்.

நூலகர் தலையைத் தூக்கவில்லை. "கிழிச்சுப் பிரயோஜனம் இல்லப்பா. போன வாரம்தான் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி வெப்சைட்ல ஏத்தினோம்."

விரல் தானாக விலகியது. "யாராவது படிச்சாங்களா மேடம்?"

"நான் படிச்சேன், ஏத்தும்போது. சிரிப்பு வரல. ஆனா அளவெல்லாம் ரொம்பத் தெளிவா இருந்துச்சு."

என் எழுத்துக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. இதழை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

ஆய்வகத்துக்குத் திரும்பியபோது அக்கா தராசின் முன்னால் இருந்தாள்.

"எந்த ஊர் பாத்ரூம்டா போன?"

மேசைக்காலின் தடம் பதிந்த பிரதியை நீட்டினேன். படித்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். கையுறையை விரல் விரலாகக் கழற்றினாள்.

"ஆஸ்பத்திரில உன்னை மாத்திக் குடுத்துட்டாங்கன்னு சின்ன வயசுல சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க."

"அக்கா, நான் வந்து..."

"வாயை மூடு. அளவெல்லாம் ஃபிரிட்ஜ் மேல ஒட்டியிருந்த தாளைப் பாத்து எழுதினியா?"

"ஆமா."

"பரீட்சையில இவ்வளவு கவனமா காப்பி அடிச்சிருந்தா இந்நேரம் தங்கப் பதக்கம் வாங்கியிருப்ப."

மறுபடி முதலிலிருந்து படித்தாள். அவள் விரல் ஏழாவது வரியில் நின்றது. வெகுநேரம் நின்றது.

"'எண்ணெயைத் தண்ணீரில் சொட்டுச் சொட்டாக ஊற்றவும்.' இதை உனக்கு யாரு சொன்னா?"

"நீதான். அன்னைக்குச் சாப்பிடும்போது சொன்னியே."

"நான் சொன்னது தண்ணியை எண்ணெய்ல."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

என்னை அடிக்கப் போகிறாளா, கொஞ்சப் போகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. நடுவாக ஒரு முடிவெடுத்து, சட்டைக் காலரைப் பிடித்து, பேராசிரியர் அறையில் இன்னும் உட்கார்ந்திருந்த வழக்கறிஞரிடம் இழுத்துப் போனாள்.

பள்ளிக்கூடத்திலேயே எனக்கு வேற்றுமை உருபில்தான் மதிப்பெண் போகும். ஐ எங்கே, இல் எங்கே என்று யாருக்கு என்ன கவலை என்று இருந்துவிட்டேன். அக்காவுக்குக் கவலை இருந்தது. எண்ணெயில் தண்ணீரைச் சொட்டினால் கலவை மெல்லக் கெட்டியாகி, பசையாகி, ஒரு கட்டத்தில் உள்ளே இருந்த தண்ணீர் வெளியேயும் வெளியே இருந்த எண்ணெய் உள்ளேயுமாகப் புரண்டு, சட்டென்று தெளியும். அந்தப் புரளலில்தான் துளி அத்தனை சிறிதாகிறது. மாற்றி ஊற்றினால் புரள எதுவும் இல்லை.

"சரி," என்றார் வழக்கறிஞர், கொட்டாவியை ஓரத்தில் பிடித்தபடி. "இதுல சொன்னதை அப்படியே செஞ்சு பாருங்க. பிரிஞ்சுட்டா, இந்தத் தாள் உங்க முறையைச் சொல்லித் தரலன்னு நான் வாதாடலாம். பிரியலன்னா நான் வீட்டுக்குப் போறேன்."

"முன்னாடியே மாத்தி ஊத்திப் பாத்திருக்கேன் மேடம். பிரிஞ்சுது."

"இதே அளவுலயா?"

அக்கா என்னைப் பார்த்தாள். "பழைய அளவுல. புது அளவு இவன் சொன்னது. இதுல செஞ்சு பாத்ததில்ல."

"சில கலவை எந்தப் பக்கம் ஊத்தினாலும் தெளியும்" என்றார் பேராசிரியர். வருடக்கணக்காக எதுவும் சொல்லாமல் இருந்தவர் இதைச் சொல்ல அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தார்.

எல்லோரும் ஆய்வகத்துக்குப் போனோம். அக்கா தாளைத் தராசின் மேல் ஒட்டிவைத்து, வரிவரியாக வாசித்துக்கொண்டே செய்தாள். "'அடுப்பைப் பற்றவைக்க வேண்டாம்; கிருமிகளுக்குச் சந்தேகம் வரும்.'"

வழக்கறிஞர் பேனாவை எடுத்தார். "இது எந்தப் படி?"

"அது நகைச்சுவை மேடம்" என்றேன்.

"ஓ" என்று குறித்துக்கொண்டார்.

கடைசிச் சொட்டும் விழுந்தது. பாட்டிலில் வெள்ளைவெளேரென்று பால். நால்வரும் சுற்றி நின்று, பிரி பிரி என்று மனதுக்குள் கெஞ்சினோம். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். அது பாட்டுக்கு ஒற்றுமையாக இருந்தது. எங்கள் வீட்டில்கூட அவ்வளவு நேரம் யாரும் ஒற்றுமையாக இருந்ததில்லை. நான் ஜன்னல்வரை போனேன், வந்தேன், மறுபடி போனேன். மூன்றாவது நடையில் திரும்பிப் பார்த்தபோது பாட்டிலின் ஓரத்தில் நீலம் தெரிந்தது.

"அக்கா... நீலம்."

அவள் முகம் வெளுத்தது. குனிந்து பார்த்தாள். பிறகு என் முதுகில் ஒன்று வைத்தாள். "உன் சட்டைடா எருமை. தள்ளி நில்லு."

தள்ளி நிற்க முடியவில்லை. ஒரு சொட்டை எடுத்துக்கொண்டு கருவிக்கு ஓடினேன். கருவி வழக்கம்போல நிதானமாக யோசித்தது. அக்காவின் துளி எப்போதும் முப்பத்தெட்டு நானோமீட்டர் காட்டும். இது இரண்டாயிரத்து நூறு காட்டியது. மறுபடி வைத்தேன்: இரண்டாயிரத்து நானூறு. நான் திரும்பி வரும்போது பாட்டிலின் கழுத்தில் மஞ்சளாக ஒரு எண்ணெய் வளையம் கட்டியிருந்தது. பேராசிரியர் கைதட்டினார். என் எழுத்துக்கு ஒருவர் கைதட்டி நான் பார்த்தது அதுவே முதல்முறை.

அன்றே அக்கா கிருமி வளர்க்கும் தட்டுகளில் இரண்டு பால்மத்தையும் பூசி வைத்தாள். மறுநாள் பார்த்தால், அக்காவின் பால்மம் பட்ட இடம் துடைத்த மாதிரி வெறுமையாக இருந்தது. என் செய்முறைத் தட்டில் மருந்தெல்லாம் எண்ணெயோடு மேலே ஒதுங்கிவிட, கிருமிகள் அடைசலாக வளர்ந்து கிடந்தன. விருந்து என்று தலைப்பு வைத்ததில் மட்டும் தவறில்லை.

வெள்ளிக்கிழமை காலை வழக்கறிஞர் சிவப்புப் பேனாவோடு வந்தார். விண்ணப்பத்தில் 'இது எங்களுடையது' என்று கேட்ட முதல் கோரிக்கையின் குறுக்கே நீளமாக ஒரு கோடு போட்டார்.

"பொருளும் கலவை அளவும் அச்சுல வந்தாச்சு. அதைக் காப்பாத்த முடியாது. ஊத்துற வரிசையும் துளியோட அளவும்தான் மிச்சம். குறுகின உரிமைதான். ஆனா நிக்கும்."

அக்கா கைப்பேசியோடு தாழ்வாரத்துக்குப் போனாள். நிறுவனத்துக்காரரிடம் அவள் பேசப் பேச நான் கதவிடுக்கில் அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் போனது, இந்தப் பக்கம் வந்தது, நின்றது. என் முழங்காலும் கூடவே நின்றது.

உள்ளே வந்தாள். "எடுத்துக்கிறாங்க. சின்னதா ஆரம்பிக்கலாம்னு சொல்றாங்க. ஒண்ணாம் தேதி வரச் சொல்லிட்டாங்க."

"அக்கா!" என்று கையை விரித்தேன்.

"கிட்ட வந்த, காலை ஒடிச்சிடுவேன்" என்றாள். ஆனால் சிரித்தாள்.

வழக்கறிஞர் தொண்டையைச் செருமினார். "இன்னும் ஒண்ணு. கண்டுபிடிச்சவங்க பட்டியல்ல மூணு பேர் இருக்கு. முதல் கோரிக்கை போனதால, கலவை அளவைச் சொன்னவர் பேரையும் எடுக்கணும். மிச்சம் இருக்கறதுல அவர் பங்கு எதுவும் இல்ல. கோபத்துல சொல்லல, சட்டம் அப்படி."

"மூணாவது ஆள் யாரு?" என்று கேட்டேன்.

பேராசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா காகிதங்களை அடுக்கினாள். ஏற்கெனவே அடுக்கியிருந்த காகிதங்கள்.

"பதிவானதும் உன்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன்டா" என்றாள்.

சிவப்புக் கோடு சின்னதாகத்தான் விழுந்தது. என் பெயர் அவ்வளவு நீளமில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, விண்ணப்பத்தின் கடைசி வரைவை அக்கா என் பக்கம் தள்ளினாள். "எழுத்துப் பிழை பாரு. சாயங்காலம் பதிவு. முக்கியமா உருபைப் பாரு."

பார்த்தேன். 'தண்ணீரை எண்ணெயில்' என்று பத்தொன்பது இடத்தில் வந்தது. ஒவ்வொரு 'ஐ'யையும் ஒவ்வொரு 'இல்'லையும் விரல் வைத்து, வாய்விட்டுப் படித்தேன். பதினோராம் பக்கத்தில் 'ஒப்பீட்டு எடுத்துக்காட்டு 4' என்று ஒரு பத்தி. ஒரு மாணவர் இதழின் கடைசிப் பக்கத்தில் வெளியான முறையைப் பின்பற்றியபோது, பயன்படத்தக்க பொருள் எதுவும் கிடைக்கவில்லை என்றது அது. அங்கே மட்டும் 'எண்ணெயைத் தண்ணீரில்' என்று இருந்தது.

அந்த ஓர் இடத்தில் தப்பு சரியாக இருந்தது. திருத்தாமல் விட்டேன்.