கீழுதட்டில் ஒரு துளி

ஸ்ஸ்... சுடுதுடி, என்று காப்பி டம்ளரை வாயிலிருந்து வெடுக்கென்று எடுத்தான் ஞானவேல், கலைமணி அதை வாங்கி டபராவில் இரண்டு ஆற்று ஆற்றிக் கொடுத்தாள், ஆடலூரில் காப்பிக்கொட்டை காய்ந்துவிட்டதாம், வெரசா போய் எடுத்துட்டு வந்துர்றேன் கலை, என்று ஜீப்பில் ஏறினான், மஃப்ளரை மறந்துவிட்டுப் போகிறானே என்று நினைத்தாள், கூப்பிடவில்லை, மதியத்துக்குள் வந்துவிடுவான்தானே... மதியம் வந்தது சேதிதான், மேகத்தில் வளைவு தெரியாமல் ஜீப் உருண்டு அவன் போய்விட்டானென்று. அது போன மாதம். இன்றைக்கும் அதே அடுப்பு, கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் அதே சட்டி, உள்ளே சாக்லேட் விளிம்பிலிருந்து இளகி வருகிறது, வாசலை அடைத்துக்கொண்டு அவனுடைய தம்பி செல்வமுருகன் நிற்கிறான், பழனியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவன், தலையெல்லாம் மேகத் தண்ணி. அண்ணன் கைப்பக்குவம் அண்ணனோட போச்சு மதினி, வீம்பு பண்ணாதீங்க, சாவியைக் குடுங்க, பழனியில இருந்து நம்ம கடைப் பஞ்சாமிர்தத்தை இங்க வச்சா தானா ஓடும். ஒரே மூச்சில் முடித்துவிட்டான். நம்ம கடையாம். கல்யாணம் கட்டி வந்த அன்று சிலோன்காரி, தேத்தண்ணிக்காரி என்று சிரித்த வீட்டுக்கு இப்போதுதான் 'நம்ம' வாயில் வருகிறது. இன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் பொறுங்க தம்பி, என்றாள், ஏரிக்கு மேல இருக்கிற ரிசார்ட்டுக்குப் பெட்டி போகணும், சாக்லேட் பழையபடி இருந்தா வருஷம் முழுக்க ஆர்டர் எனக்குன்னு மேனேஜர் சொல்லிட்டார், இல்லேன்னா நானே சாவியத் தர்றேன். சொல்லிவிட்டாள். சொல்லியிருக்க வேண்டாமோ? சொன்னது சொன்னதுதான்.

பெட்டிகள் மேசையில் அடுக்கிக் கிடக்கின்றன, மூடியில் நீலமாய்க் குறிஞ்சி, இந்த வருஷம் பூத்ததிலிருந்து எதைத் தொட்டாலும் குறிஞ்சிப் படம் கேட்கிறார்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன பித்தளை ஃபில்டர், ஒரு பொட்டலம் காப்பித்தூள், நடுவில் குழி, அந்தக் குழிக்குத்தான் அச்சில் வார்த்த சாக்லேட். தூளை யார் வேண்டுமானாலும் அரைக்கலாம், ஃபில்டரைக் கும்பகோணத்தான் அனுப்பிவிடுவான், குழியை நிரப்புவதில்தான் எல்லாம் இருக்கிறது. சூட்டோடு அச்சில் ஊற்றினால் வெள்ளை வெள்ளையாய்ப் பூத்துப்போகும், ஒடித்தால் சத்தம் வராது, பூசணம் பிடிச்சிருக்குதே என்று டூரிஸ்ட் திருப்பித் தருவான்... காச்சல் பாக்குற தெர்மாமீட்டர் ஒண்ணு மெடிக்கல்ல வாங்கியாரவா மதினி, என்கிறான் செல்வமுருகன், கேலிதான். வாங்கி ஒங்க வாயில வச்சுக்கங்க, கொஞ்ச நேரம் பேச்சில்லாம இருக்கும். அவன் சிரித்துவிட்டான், சிரித்தபடி ஓர் அடி உள்ளே வைத்தான். அங்கேயே நில்லுங்க! ஒங்க தலையில இருந்து ஒரு சொட்டு இதுக்குள்ள விழுந்தா சட்டி முழுக்கத் திரிஞ்சுரும். காப்பி அந்தா கதவோரமா கெடக்கு, ஊத்திக் குடிங்க.

உருகியதை மார்பிள் பலகையில் ஊற்றினாள், தகட்டால் பரப்பி வழித்தாள், பரப்பி வழித்தாள், கை அது பாட்டுக்குப் போகிறது, இதுவரை ஞானவேலின் வேலை இது, அவள் பக்கத்தில் நிற்பாள். கைப்பக்குவமாம். வெளியே போர்டில் அவன் பெயர், அதனால் ஊர் அப்படியே நம்பிக்கொண்டது, ஞானவேல் கையில் என்னமோ இருக்கு என்று. கையில் என்ன இருக்கிறது? பக்குவம் பார்ப்பது கீழுதட்டில். ஒரு துளியைத் தொட்டு உதட்டில் வைத்தால் சுடக்கூடாது, லேசாய்ச் சில்லென்று இருக்க வேண்டும், அப்போது ஊற்ற வேண்டும், முந்தினாலும் கெட்டது பிந்தினாலும் கெட்டது. அந்த உதடு யாருடையது? பீடி குடிச்சுக் குடிச்சு எனக்கு மரத்துப்போச்சு கலை, ஒண்ணும் தெரிய மாட்டேங்குது, நீ பாரு... கடை போட்ட நாளிலிருந்து அதே பாட்டு. துளியை அவனே எடுத்து அவள் உதட்டில் வைப்பான். இப்ப? இன்னும் இல்ல. மறுபடி வழிப்பான், மறுபடி வைப்பான். இப்ப? சண்டை போட்ட நாளில்கூட அதற்கு மட்டும் பேசியாக வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டு ம் என்பாள், அவன் ஊற்றுவான். இந்தக் கடையில் ஒரு சாக்லேட்கூட அவள் ம் சொல்லாமல் அச்சில் இறங்கியதில்லை, தெரியுமா இவனுக்கு? தெரியவேண்டாம். சொன்னால் அண்ணனை மட்டந்தட்டுகிறாள் என்பான். ஒடித்துப் பார்க்கட்டும், சத்தம் சொல்லும்.

சுண்டுவிரலால் தொட்டாள். உதட்டில் வைத்தாள். இன்னும் இல்லை. வழித்தாள். வெளியே ஜன்னலை மேகம் மூடிவிட்டது, மூடட்டும், ஜீப்பை உருட்டிய மேகம்தானே, இங்கே உள்ளே அதற்கு ஒரு சோலியும் கிடையாது. மறுபடி தொட்டாள்... பின்னால் ஸ்ஸ், என்று சத்தம். கை நின்றுபோனது, திரும்பினாள். சுடுது மதினி, செல்வமுருகன் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான், ஆத்தாம வாயில வச்சுட்டேன். அதே சத்தம், அதே முக வெட்டு, டம்ளரை அதேபோல் வெடுக்கென்று... அப்படியானால்? ஞானவேலின் மரத்த உதட்டுக்குக் காப்பி எப்படிச் சுட்டது? அன்றைக்குச் சுட்டதே, சுடுதுடி என்றானே, அதற்கு முன்னால் எத்தனை காலை, தினமும் ஆற்றிக் கொடுத்தவள் அவள்தானே, ஒரு நாளாவது இது தோன்றியதா? பீடிக்கு மரத்ததும் காப்பிக்குச் சுடுவதும் ஒரே உதடுதானே. அடப்பாவி. எல்லாம் தெரிந்துகொண்டே கேட்டானா, அவளைப் பக்கத்தில் நிறுத்தி வைக்கவா, சண்டை நாளில் ஒரு ம் வாங்கவா? இல்லை, கொதிக்கிற காப்பி மரத்த உதட்டுக்கும் தெரியும், இந்த இளஞ்சூடுதான் தெரியாதோ? யாரிடம் கேட்பது?

பக்குவம் வந்துருச்சா மதினி? என்றான் வாசலில் இருந்தவன். அவனுக்கு அவள் ம் சொல்லவில்லை. அந்த ம் அவனுக்கு உரியதில்லை. பெட்டிகளுக்கான அச்சுகளை முன்னால் இழுத்துக்கொண்டாள், பலகையிலிருந்து ஒரு துளி எடுத்தாள், கீழுதட்டில் வைத்தாள். லேசாய்ச் சில்லென்று இருந்தது.